எங்கீங்க எறங்கோணும்?

காலை எட்டு மணிக்குத் திருப்பூர் டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டத்தில், இடது கால் படியிலும் வலது கால் யாரோ ஒரு புண்ணியவானின் செருப்பிலுமாக? அப்படி ஏறி, உயிரோடும் டிபன் கேரியரோடும் இறங்கத் தெரிந்தவன் உலகத்தில் எந்த ஊர் பஸ்ஸிலும் பிழைத்துக்கொள்வான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2012-ல் சிங்கப்பூர் போய் இறங்கிய மூன்றாவது நாள் அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஏன் போனேன் என்பது சின்னக் கதை. பி.காம். முடித்துவிட்டு ஒரு சாயப்பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2011 ஜனவரி கடைசியில் ஐகோர்ட் உத்தரவு வந்தது. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டது போதும், மூடுங்கள் என்று! 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடிக்கொண்டன. உண்மையைச் சொன்னால் கோர்ட் சொன்னதுதான் நியாயம். ஒரு நாள் நீலமாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆறா, கலர் கார்டா? ஆறு பிழைக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஆறு மாத வாடகை பாக்கி! மாமாவின் நண்பர் ஒருவர் மூலமாக சிங்கப்பூரில் ஊபி என்கிற இடத்தில், ஒரு ஹார்டுவேர் குடோனில் கணக்குப் பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தேன். குடியிருப்பு லிட்டில் இந்தியாவில், எட்டுப் பேர் படுக்கிற ஒரு ரூமில்.

முதல் சனிக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: "கண்ணு, அங்க போறதுக்கு வாறதுக்கு என்ன பண்ற? காரு கீரு குடுத்திருக்காங்களா?"

"கார் என்னம்மா கார்! ஏ.சி. வண்டி, ரெண்டு மாடி, தனியா டிரைவர்..." என்றேன். அம்மா அதை அப்படியே தெருவில் சொல்லிவிட்டாள். ஊரில் எனக்கு அன்றைக்கு ஏறிய மரியாதை, நான் திரும்பி வந்து உண்மையைச் சொல்லும் வரை இறங்கவில்லை.

சிங்கப்பூரில் கார் வாங்குவது நம்மைப் போன்றவர்கள் கனவில்கூடச் செய்யக்கூடாத காரியம். காருக்கு விலை கொடுத்தால் மட்டும் போதாது, 'கார் வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2013-ல் சின்னக் காருக்கான அந்தச் சீட்டு மட்டும் ஒரு கட்டத்தில் 90,000 வெள்ளியைத் தாண்டியது. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான்! அதனால்தான் அங்கே கோட்டு போட்ட ஆபீஸரும் பஸ்ஸுக்கு நிற்கிறார், நானும் நின்றேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்தான் என்னைப் புரிந்துகொள்ளவில்லை.

முதல் பிரச்னை, அது நிற்கவில்லை. ஸ்டாப்பில் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. கையை நீட்ட வேண்டுமாம்! நம்மூரில் கை நீட்டினால் ஐம்பது அடி தள்ளி நிறுத்துவார்கள். சும்மா நின்றால் பக்கத்தில் வந்து நிறுத்தி, "ஏறுங்க, ஏறுங்க, சீட்டு இருக்குது" என்று இல்லாத சீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே கை நீட்டாவிட்டால் நீங்கள் ஒரு விளம்பரப் பலகை.

இரண்டாவது, கண்டக்டர் இல்லை. முன்பக்கம் ஏறும்போது ஒரு கார்டை மெஷினில் தட்ட வேண்டும். பின்பக்கம் இறங்கும்போது மறுபடி தட்ட வேண்டும். இறங்கும்போது தட்ட மறந்தால், வண்டி கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் வரைக்கும் நீங்கள் போனதாக வைத்துக்கொண்டு காசை எடுத்துக்கொள்ளும். நான் முதல் வாரத்தில் இரண்டு தடவை மறந்தேன். அப்போது ஒரு வெள்ளி நாற்பது ரூபாய்க்கு மேல். எங்கள் டவுன் பஸ்ஸில் குறைந்த டிக்கெட் 3 ரூபாய். மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, இரண்டு நாள் ராத்திரி டீயை நிறுத்தினேன்.

கார்டு இல்லாமல் காசாகவும் போடலாம். ஆனால் சரியான சில்லறை வேண்டும், மீதி கிடையாது. இதை நினைத்தபோதுதான் எங்கள் கண்டக்டர்கள் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அவர்களும் மீதி தருவதில்லைதான்... ஆனால் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பார்களே! "எறங்கறப்ப வாங்கிக்கோங்க." காலேஜ் படித்த மூன்று வருஷத்தில் அப்படி வாங்காமல் இறங்கிய பாக்கியைக் கூட்டினால் ஒரு பேன்ட் எடுத்திருக்கலாம். வாராக்கடன்!

மூன்றாவது பிரச்னைதான் பெரிசு. யாரும் பேச மாட்டார்கள். எண்பது பேர் போகிற வண்டியில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்கும். எந்த ஸ்டாப் வருகிறது என்று நான் போன வண்டிகளில் யாரும் சொல்லவுமில்லை. எங்கள் ஊரில் ஏறின நிமிஷமே, "எங்கீங்க எறங்கோணும்?" என்று கண்டக்டர் கேட்பார். நாம் அவரிடம் சொன்னது பக்கத்து சீட்டுக்குக் கேட்கும். பக்கத்து சீட்டுக்காரர் நாம் எந்த கம்பெனி, என்ன சம்பளம், கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்து முடிப்பதற்குள் நம் ஸ்டாப் வந்து, அவரே எழுப்பி இறக்கியும் விடுவார். ஊரில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அங்கே, 'யாராவது என் சம்பளத்தைக் கேளுங்களேன்' என்று இருந்தது.

பொழுதுபோக்காக ஒன்று மட்டும் செய்வேன். முன் சீட்டில் இருப்பவரின் பனியனை ஆராய்வேன். காலர் ரிப் தொய்ந்திருக்கிறதா, தோள் தையல் நேராக ஓடுகிறதா, இது நம்ம ஊர் வேலையா, பங்களாதேஷா... திருப்பூர்க்காரனுக்கு இது வியாதி. ஒரு நாள் ஒரு சீனப் பையனின் கழுத்துக்கு வெளியே லேபிள் துருத்திக்கொண்டிருந்தது. 'மேட் இன் இந்தியா.' அதை உள்ளே சொருகிவிட்டு, "இது எங்க ஊருங்க தம்பி" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அடக்கிக்கொண்டேன். அந்த பஸ்ஸில் துரியன் பழம் கூடாது, சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். அடுத்தவர் லேபிளைத் தொடாதே என்று போடவில்லைதான். எதற்கு வம்பு?

இனி அந்த ராத்திரிக் கதை.

ஆறாவது மாதம். ஸ்டாக் எடுத்து முடிக்கப் பதினொரு மணியாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏற வேண்டியவன் அந்தப் பக்கம் ஏறிவிட்டேன். அங்கேயும் வண்டிகள் நம்மைப்போல இடது பக்கம்தான் போகும், அதனால் சந்தேகமே வரவில்லை. ஏறினதும் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் பஸ்ஸில் நான் மட்டும். வெளியே தெம்பனிஸ் பஸ் நிலையம். லிட்டில் இந்தியாவுக்கு நேர் எதிர் திசையில், தீவின் கிழக்குப் பக்கம்!

டிரைவர் எழுந்து வந்தார். நாற்பது வயசிருக்கும், சீனாவிலிருந்து வந்தவர். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை, அவர் பேசினது எனக்குப் புரியவில்லை. "லிட்டில் இந்தியா" என்றேன். அது மட்டும் புரிந்தது. (என் முகத்தைப் பார்த்தாலே பாதி புரிந்திருக்கும்.) கடிகாரத்தைப் பார்த்தார். சைகை காட்டி, முன்னால் விறுவிறுவென்று நடந்தார். இரண்டு வரிசை தாண்டிக் கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸின் கதவைத் தட்டி, உள்ளே இருந்த டிரைவரிடம் ஏதோ சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து, பெரிசாக '17' என்று எழுதி என் கையில் கொடுத்தார். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் காட்டி, வெளியே ஸ்டாப் கம்பத்தைக் காட்டினார். பதினேழாவது ஸ்டாப்பில் இறங்கு!

பாருங்கள், இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே பாஷை நம்பர்தான். நான் பி.காம். வேறு.

ஏறி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். உடனே ஒரு சந்தேகம்: கிளம்பின இடத்தை ஒன்று என்று வைப்பதா, அடுத்ததை ஒன்று என்று வைப்பதா? ஆரம்ப இருப்பைச் சேர்க்கணுமா கூடாதா? மூன்று வருஷம் பேலன்ஸ் ஷீட் படித்தவனுக்கு வந்த சோதனை! போதாததற்கு ஆள் இல்லாத ஸ்டாப்பில் வண்டி நிற்காமல் வேறு போகிறது. இருட்டில் ஓடுகிற கம்பங்களை, கோவில் படி எண்ணுகிறவன் மாதிரி வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனேன். பதினாறு... பதினேழு... எழுந்து கதவுகிட்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, 'இல்லை' என்று தலையசைத்தார். அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தி, திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார்.

அந்த டிரைவர் இவரிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். வார்த்தையால் கேட்காமல், 'எங்கீங்க எறங்கோணும்' என்று இரண்டு பேருமே என்னைக் கேட்டிருக்கிறார்கள்!

தாளை பர்ஸில் வைத்தேன். அதே வருஷம் நவம்பர் 26-ம் தேதி, சீனாவிலிருந்து வந்த பஸ் டிரைவர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை என்று பேப்பரில் செய்தி. அந்த நாட்டில் 26 வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் ஸ்ட்ரைக். ஒரே வேலை, ஆனால் மலேசியாக்காரருக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு ஒரு சம்பளமா என்பது அவர்கள் கேள்வி. தங்கியிருந்த இடத்தில் மூட்டைப்பூச்சி என்றும் புகார். 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள், 5 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். என் டிரைவர் அதில் இருந்தாரா, தெரியாது. அவர் பேர்கூடத் தெரியாதே! ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் மெஷினை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்காவது இப்படிப்பட்ட பஸ். கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்ப் பையன்கள், நான் இருந்த காலத்தில், பெரும்பாலும் லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனார்கள். சிக்னலில் ஏ.சி. பஸ்ஸின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லாரியில் அவர்கள். சில சமயம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களுக்கும் பஸ். தூரத்து டார்மிட்டரிகளிலிருந்து தனியார் பஸ்ஸில் லிட்டில் இந்தியா வந்து, மார்க்கெட் போய், ஊருக்குப் பணம் கட்டி, தெரிந்தவனைப் பார்த்து, ராத்திரி அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். அந்த பஸ்ஸுக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வரிசை நிற்கும். தீபாவளி சமயத்துக் கோவை பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு. ராத்திரி எங்கள் ரூமுக்கு வெளியே சத்தம். ஜன்னலில் பார்த்தால் தூரத்தில் நெருப்பு. அந்த பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி, தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இறந்துபோனார். 33 வயது. அதைப் பார்த்த கூட்டம் கலவரமாகி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளைக் கவிழ்த்தார்கள், கொளுத்தினார்கள். 25 பேர் மேல் வழக்கு, 57 பேரை நாடு கடத்தினார்கள். அடுத்த ஞாயிறு அந்த பஸ்களே ஓடவில்லை, கடைகளில் சாராயமும் இல்லை. சிராங்கூன் ரோட்டை அப்படி வெறிச்சென்று நான் பார்த்ததே இல்லை.

பிறகு விசாரணைக் குழு முழுக் கதையையும் சொன்னது. அவர் குடித்திருந்தார். பஸ்ஸில் ஏறிவிட்டார். இறங்கச் சொன்னார்கள், இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்ததும் அதன் பக்கவாட்டிலேயே நடந்து வந்து, தடுமாறி விழுந்தார். டிரைவர் மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். இருக்கலாம். குடித்தவனை இறக்கிவிடுவது எங்கேயும் நடக்கிறதுதான். கொளுத்தினவர்களை நான் நியாயப்படுத்தவும் இல்லை. எனக்கு மனசில் நின்றது ஒன்றுதான்: இறங்கச் சொன்னதும் இறங்கினவர், அந்த வண்டியை விடாமல் கூடவே நடந்திருக்கிறார். அதை விட்டால் அவருக்குத் தெரிந்த வழி வேறென்ன இருந்திருக்கும்?

2016-ல் ஊருக்குத் திரும்பினேன். சாயப்பட்டறைகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் டவுன் பஸ்ஸில் ஏறியபோது, "எங்கீங்க எறங்கோணும்?" என்று கேட்ட கண்டக்டரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. மறுநாளே பழைய எரிச்சல் வந்துவிட்டது. ஹி... ஹி... அதுதான் ஊர்!

ஊர் ஆனால் மாறியிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பனியன் ஏற்றுமதி செய்கிற ஊர் இது; தைக்க, செக்கிங் பார்க்க, இஸ்திரி போட ஆள் வேண்டாமா? கண்டக்டர்களும் ஹிந்தி பண்டிட் ஆகியிருந்தார்கள். "ஆகே சலோ, ஆகே சலோ... ஏனுங்கம்மணி, நீங்களுந்தான், உள்ற சலோ!"

2019-ல் ஒரு ராத்திரி. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பெருமாநல்லூர் போகிற கடைசி டிரிப். எனக்கு ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. அதற்காகச் சண்டை போட்டிருந்தேன். புஷ்பா தியேட்டர் தாண்டி, புது பஸ் ஸ்டாண்டு தாண்டி, போயம்பாளையம் பக்கம் வந்தபோது, பின்னால் நின்ற ஒரு பையன் என் தோளைத் தொட்டான். பதினெட்டு வயசுக்குமேல் இருக்காது. தோளில் பை. கையில் ஒரு துண்டுத்தாள். அதில் இங்கிலீஷில், வீரபாண்டி பிரிவு.

வீரபாண்டி பிரிவு பல்லடம் ரோட்டில் இருக்கிறது. நாங்கள் போவது நேர் எதிர்த் திசை!

எனக்கு ஹிந்தி வராது. "நோ... நோ... பேக் சைடு..." என்று கையைப் பின்னால் ஆட்டினேன். கண்டக்டர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "ஏறறப்ப கேக்கறதில்லியா? போர்டு பாக்கறதில்லியா?" என்று தமிழில் சத்தம் போட்டார். போர்டு தமிழில் இருந்தது. விசிலடித்தார். "உத்தரோ, உத்தரோ!"

அவன் இறங்கினான், மறுபேச்சுப் பேசாமல். வண்டி கிளம்பியது. இருட்டில் பஸ் பக்கமாகவே நாலு எட்டு நடந்து வந்தான், ஜன்னல் வழியாக யாராவது இன்னும் ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று. ஜன்னலில் இருந்தது நான். என் பர்ஸில் '17' என்று எழுதின தாள் இருக்கிறது. நான் இறங்கவில்லை. கூட இறங்கி எதிர்ப்பக்கம் நிறுத்திவைத்து, டவுனுக்குள் போகிற ஏதோ ஒரு வண்டியில் ஏற்றிவிட்டிருக்கலாம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி டிரிப், ஜன்னல் சீட்டு, வீட்டில் சாப்பாடு ஆறிவிடும்... காரணம் எனக்கா கிடைக்காது?

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாப்பாடு சூடாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஸ்டாப்பில் யாராவது பேந்தப் பேந்த விழித்தால் நானே போய்க் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பாஷைதான் உதைத்தது. சிங்கப்பூர் டிரைவர் மாதிரி நம்பர் எழுதிக் கொடுக்கலாம் என்றால், எங்கள் தனியார் பஸ்ஸில் நம்பரை யார் பார்க்கிறார்கள்? "அந்த மஞ்ச வண்டி", "மாரியம்மன் வண்டி", "பாட்டுப் போடற வண்டி" என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் கம்பெனி ஸ்டாப்பில் ஒரு பீகார் பையன், ஊருக்குப் புதுசு. "பைய்யா, பல்லடம்?" என்றான். அடுத்து வருவது முகப்புக் கண்ணாடிக்குக் கீழே மயில் படம் போட்ட வண்டி. ஒரு பழைய இன்வாய்ஸின் முதுகில் மயில் வரைந்து காட்டினேன். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "முர்கி?" என்றான்.

முர்கி என்றால் கோழி. அந்த வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும், ஹோட்டல் புண்ணியத்தில்! "முர்கி இல்லப்பா" என்று டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் விரித்து, தோகையை ஆட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஸ்டாப்பே வேடிக்கை பார்த்தது.

அவன் முகம் மலர்ந்தது. "ஓ... மோர்! மோர்!"

பாவம், வெயிலில் தாகம் போலிருக்கிறது என்று எதிர்க்கடையைக் காட்டினேன். "அங்க கெடைக்கும். பத்து ரூவா."

"மோர், மோர்!" என்று அவனும் தோகையை விரித்தான்.

பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்: "ஏனுங்க, அவங்க பாஷைல மயிலுக்கு மோருங்களாமா. எங்க லைன் வீட்டுல குடியிருக்கற பசங்க சொல்லியிருக்கறாங்க."

மயில் வண்டி வந்தது. பையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினான். கண்டக்டர் கேட்பது கீழே வரைக்கும் கேட்டது: "கஹாங் ஜி எறங்கோணும்?" வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி, "மோர்!" என்று கத்திக் கையை ஆட்டினான்.

நான் எதிர்க்கடைக்குப் போய் ஒரு மோர் வாங்கிக் குடித்தேன். பத்து ரூபாய் இல்லை, பதினைந்து ஆக்கிவிட்டார்கள்.